நூஹ் நபி காலத்து வெள்ளம் நடந்ததுதானா?

கெலமங்கலத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபர் நம்மிடம் கேட்டார்: “எல்லா நாட்டாரிடமும் வெள்ளக் கதை ஒன்று இருக்கிறதே! நூஹ் நபி காலத்து வெள்ளம் மெய்யாகவே நடந்ததுதானா?” அருகில் நின்ற பெரியவர், “இப்படியெல்லாம் கேட்கலாமா?” என்று கடிந்து கொண்டார்.

கேட்கலாம் என்பதே நம் கருத்து. அடக்கி வைத்த ஐயம் உள்ளேயே வளரும், விளக்கினால் தெளியும்.

முதலில் மண் சொல்லும் சாட்சியைப் பார்ப்போம். நினிவே நகரத்துக் களிமண் பலகை ஒன்றில், வெள்ளமும் கப்பலும் பற்றிய வரலாற்றை 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் படித்தறிந்தார். 1929-இல் ஈராக்கின் ‘ஊர்’ என்னும் பழைய நகரில் தடித்த வண்டல் படிவைக் கண்டதாக லியோனார்டு உல்லி அறிவித்தார். ஆனால் அந்நாட்டின் பிற நகரங்களில் கிடைத்த படிவுகள் வெவ்வேறு காலத்தவை. நம் தமிழிலும், தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை கூறுகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது, நமக்கும் இலங்கைக்கும் இடையே இருந்த நிலம் மூழ்கியது. ஆக, பெருவெள்ளங்கள் நடந்தவையே. உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் மூடிய வெள்ளத்துக்கு மட்டும் நிலவியலார் தடயம் காணவில்லை.

இதனால் ஈமானுக்கு ஊறு உண்டா? இல்லை. நூஹ் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள் என்றே திருமறை (71:1) கூறுகிறது. வெள்ளம் உலகெங்கும் பரவியதா, அச்சமூகத்தார் வாழ்ந்த நிலத்தை மட்டும் மூடியதா என்பதில் விரிவுரையாளர்களிடையே இரு கருத்துகள் உண்டு.

ஆனால், “கப்பல் கிடைத்துவிட்டது” என்று படம் காட்டிப் பரப்புகிறார்களே, அதில்தான் ஆபத்து. துருக்கியில் கப்பல் போலத் தோன்றும் மேட்டை ஆராய்ந்த நிலவியலார், அது இயற்கையாக அமைந்தது என்று கூறிவிட்டனர். மெய்க்குப் பொய்யை முட்டுக் கொடுக்கலாகாது. நாளை அந்த முட்டு முறியும்போது, நம் பிள்ளைகளின் நம்பிக்கையும் சேர்ந்து சாயும்.

திருமறை நம் முன் வைப்பது வேறொரு கேள்வி. தந்தை அழைத்தும் கப்பலில் ஏறாத மகன், மலை தன்னைக் காக்கும் என்றான் (11:42-43). அவனுக்கும் தந்தைக்கும் நடுவே அலை வந்தது. நபியின் மகன் என்ற உறவும் அவனைக் காக்கவில்லை.

நாமும் மேட்டு நிலத்தார். கடல் வெகு தொலைவு. வெள்ளம் நமக்கில்லை என்று எண்ணுகிறோம். சுமார் 900 மீட்டர் உயரத்தில், நம் பக்கத்திலேயே இருக்கும் பெங்களூரில் 2022 செப்டம்பரில் மக்களைப் படகிலும் டிராக்டரிலும் மீட்டார்கள். கனமழையில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. நீர் போகும் கால்வாய்களைக் கட்டடங்கள் அடைத்திருந்தன. எச்சரித்தவர்கள் இருந்தார்கள், செவிசாய்த்தவர்கள் குறைவு.

எனவே வாலிபருக்கு நாம் சொன்னது இதுதான்: “தம்பி, வெள்ளம் நடந்தது என்று நம்புகிறோம். எவ்வளவு நிலம் மூழ்கியது என்பதை அல்லாஹ்வே அறிவான். நாம் எந்த மலையை நம்பி நிற்கிறோம் என்பதற்குத்தான் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.”

எச்சரிக்கையைக் கேட்கும் செவியை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.