குடமும் பேயும்

நான் அதிகம் கையெழுத்துப் போடும் சொல் ‘கண்டறியப்படவில்லை’ என்பதுதான், சுருக்கமாக என்.டி. வேர்க்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் லேபில் அன்றாட வேலை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். எந்த அளவுக்குக் கீழே போனால் எங்கள் கருவிக்குத் தெரியாதோ, அந்த அளவு. விழுப்புரம் பக்கத்து வியாபாரி ஒருவர் போனில் சொன்னார்: “அந்த நம்பர் எதுக்கு மேடம்? சுத்தமா இல்லைன்னே போட்டுடுங்க. வாங்கறவன் பயப்படறான்.” முடியாது என்றேன். அவர் கேட்டது சின்ன உதவி இல்லை. ஒரு பொருள் இல்லை என்பதை மனிதர்களால் எப்படி அறிய முடிகிறது என்பது நம் தத்துவ மரபு நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய கேள்வி.

மணிமேகலையில் சமயக்கணக்கர் வரும் காதையிலேயே, அறியும் வழிகளான அளவைகளின் வரிசையில் அபாவமும், அதாவது இன்மையும், இருக்கிறது. குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகர்கள் இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை வேண்டும் என்றார்கள். நியாய மரபினரான நையாயிகர்கள், காட்சியே போதும் என்றார்கள். அந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைதான் முக்கியம்: இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் வெறுந்தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம், இருட்டில் சொல்லக் கூடாது. தூணைப் பார்த்துவிட்டு இதில் பேய் இல்லை என்றும் சொல்லக் கூடாது. பேய் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதே!

இந்த நிபந்தனையை நாங்கள் தினமும் கையால் செய்கிறோம். அதற்கு ‘ஸ்பைக்’ என்று பேர். சுத்தமான கடலை மாவில் அளவு தெரிந்த நஞ்சை நானே சொட்டுவேன். மற்ற சாம்பிளைப் போலவே அதையும் மெத்தனாலும் தண்ணீரும் விட்டு அடித்து, வடிகட்டி, நஞ்சை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி நிரப்பிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, கழுவி, கருவிக்குள் விடுவோம். அஃப்ளாடாக்சின் புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும். பி வகை நீலம், ஜி வகை பச்சை. திரையில் நடுங்கிக்கொண்டே போகும் கோடு, உரிய நிமிடத்தில் எழும்பி இறங்க வேண்டும். போட்டதில் 70 சதவீதமாவது திரும்பக் கிடைக்காவிட்டால் அன்று எந்த ரிப்போர்ட்டும் வெளியே போகாது. நான் போட்டதையே என்னால் பார்க்க முடியவில்லை என்றால், மற்ற சாம்பிளில் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

அந்தத் தகுதியும் என் கோப்பையில் இருக்கும் மாவுக்கு மட்டும்தான். இந்தப் பூஞ்சை மூட்டை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றே ஒன்று மொத்த நஞ்சையும் சுமந்துகொண்டு மூட்டையின் அடியில் கிடக்கலாம். நல்ல கருவி வாங்குவதைவிட மூட்டையில் பல இடங்களில் குத்தி எடுப்பது மேல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் நஞ்சு இருந்தது. ஆனால் இந்த நஞ்சை அதுவரை யாரும் அறிந்திருக்கவில்லை. தெரிந்த நஞ்சுகளை மட்டும் தேடியவர்களுக்கு அந்தப் பிண்ணாக்கு குற்றமற்றதாகத்தான் தெரிந்திருக்கும்.

அதற்காக ‘அப்படியென்றால் எதையுமே இல்லை என்று சொல்ல முடியாது’ என்று கைவிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். தரையில் குடம் இல்லை என்பது உண்மையான அறிவு. எல்லையைச் சொல்லிவிட்டுச் சொல்லும் ‘இல்லை’யை நம்பித்தான் நான் என் பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுக்கிறேன்.

என் தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. “இவ்வளவு தேடியும் கிடைக்கலையேக்கா, உன் சாமிக்கும் என்.டி. போட்டுடு” என்பான். நியாயகுசுமாஞ்சலியில் நையாயிகரான உதயனர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: புலனுக்கு எட்டும் தகுதியே இல்லாத ஒன்றைக் காணவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. இதைச் சொன்னதும் தம்பி விடவில்லை. “அப்போ பேயும் உண்டா?” என்றான். சரியான கேள்விதான். உதயனரின் இந்த வாதம் மறுப்பைத் தடுக்கிறது, அவ்வளவே; உண்டு என்று அது எதையும் நிறுவவில்லை. உதயனரும் அதோடு நிற்காமல் வேறு வாதங்களைத் தேடிப் போனார். நான் சிவனை நம்புவது உரையளவையால், தேவாரம் பாடியவர்கள் கண்டதாகச் சொன்னதை ஏற்று. அந்த உரை நம்பத்தக்கதா என்று அவன் கேட்கலாம், கேட்கட்டும். அதை வேறு விதமாகத்தான் சோதிக்க வேண்டும். காணவில்லை என்பதை வைத்து இந்த வழக்கில் அவனும் தீர்ப்பு எழுத முடியாது, நானும் முடியாது.