கை நனைக்காமல் வருவது

எங்கள் பக்கம் விசேஷத்துக்குப் போவது வேறு, விசேஷத்தில் சாப்பிடுவது வேறு. பங்காளித் தகராறு இருக்கிற வீடென்றால் முறைக்காகப் போவார்கள், மொய் எழுதுவார்கள், பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவார்கள். "போனோம், ஆனா கை நனைக்கல" என்று வந்து சொல்வார்கள். உறவை முறிக்கவில்லை, உன்னை ஏற்றுக்கொள்ளவும் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான் சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். உலகக் கோப்பை, ஒலிம்பிக்ஸ் என்று ஏதாவது வரும்போது அதை நடத்துகிற நாட்டைப் பற்றி எழும் சண்டைகளைப் படித்தால் எனக்கு இந்தப் பந்தி விவகாரம்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டில் நடக்கிற ஆட்டத்தைப் பார்க்கலாமா என்பது, அந்த வீட்டில் சாப்பிடலாமா என்ற கேள்விதான். பந்தி கொஞ்சம் பெரிது.

2022 கத்தார் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். என் டீமில் பாதிப் பேர் ஜெர்மனியில் இருக்கிறார்கள். அந்த நவம்பரில், மீட்டிங் தொடங்குவதற்கு முந்தைய அரட்டையில் ஒருவர், இந்த முறை ஒரு ஆட்டம்கூடப் பார்க்கப்போவதில்லை என்றார். அங்கே பல மதுக்கூடங்கள் திரையை அணைத்துவைப்பது என்று முடிவெடுத்திருந்தன. பாரிஸ் உட்படப் பல பிரெஞ்சு நகரங்கள் பொது இடத்தில் பெரிய திரை வைக்க மறுத்தன. அதே சமயத்தில் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் வந்த செய்தி வேறு: உலகக் கோப்பையால் நாமக்கல் முட்டைக்குக் கத்தாரில் கிராக்கி. கோழிப்பண்ணைக்காரர்களுக்குக் கத்தார் மேல் இருந்த ஒரே அபிப்பிராயம், அவர்கள் இன்னும் கொஞ்சம் முட்டை சாப்பிடலாம் என்பதுதான்.

இதில் ஜெர்மன்காரருக்கு மனசாட்சி இருக்கிறது, நாமக்கல்காரருக்கு இல்லை என்று எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். அப்படி எடுத்துக்கொள்ள விடாமல் என்னைத் தடுத்தவர் எங்கள் தெருக்காரர் ஒருவர். தோஹாவில் எட்டு வருடம் கம்பி கட்டும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "ஏண்ணா, அங்க அத்தன பேரு செத்துட்டாங்கன்னு எழுதறாங்களே?" என்று கேட்டேன்.

"செத்தாங்கதான். வெயிலு அப்படி. ஆனா எனக்குச் சம்பளம் தேதிக்கு வந்துரும். பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் வாங்கி வெச்சுக்குவான், ஊருக்குக் கெளம்பறப்பத்தான் கையில குடுப்பான். இங்க மட்டும் என்ன வாழுது? தறிக்கு அட்வான்ஸ் வாங்குனவன் கணக்கு முடிக்காம வேற மொதலாளிகிட்டப் போயிர முடியுமா தம்பி?"

உலகமே கண்டித்த கஃபாலா முறை இவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. கூட்டிவந்த முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாது, நாட்டைவிட்டுப் போகவும் முடியாது என்பதுதான் அந்த முறை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிக் கட்டுப்பட்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கத்தாராவது உலகம் பார்த்துக்கொண்டிருந்த அழுத்தத்தில் 2020-இல் வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளம் 1000 ரியால் என்று வைத்தது. நடைமுறையில் எவ்வளவு மாறியது என்பது தனிக் கதை. ஆனால் பள்ளிபாளையத்தைப் பார்த்து எந்த நாடும் திரையை அணைத்ததில்லை.

ஆனாலும் தெருக்காரர் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு தீர்ப்பெழுத முடியாது. அவர் உயிரோடு திரும்பி வந்தவர். வராதவர்களிடம் அபிப்பிராயம் கேட்க வழியில்லை.

வராதவர்கள் எத்தனை பேர்? 2021 பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கு போட்டது. உலகக் கோப்பை கத்தாருக்கு என்று 2010 டிசம்பரில் முடிவான பின்னர், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து போனவர்களில் 6,500-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். இந்தியர்கள் மட்டும் 2,711. உடனே மறுப்பு வந்தது. இது எல்லா மரணங்களையும் சேர்த்த கணக்கு, அலுவலகத்தில் வேலை பார்த்தவரும் இதில் உண்டு என்றார்கள். அது நியாயமான மறுப்புதான். மைதான வேலையில் ஏற்பட்ட மரணம் மூன்றே மூன்று என்பது அமைப்பாளர்களின் கணக்கு. 2022 நவம்பரில் அமைப்புக் குழுவின் பொதுச் செயலாளர் ஒரு பேட்டியில் 400-லிருந்து 500 வரை என்றார். அது நாடு முழுவதற்குமான கணக்கு என்று பிறகு விளக்கம் வந்தது.

மூன்றா, ஐந்நூறா, ஆறாயிரமா? இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏராளமான இளைஞர்களின் மரணச் சான்றிதழில் "இயற்கை மரணம்", "மாரடைப்பு" என்று மட்டும் இருந்தது. பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் இல்லை. எங்கள் தொழிலில் ராத்திரி ஒரு சர்வர் விழுந்தால் காலையில் ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். "சர்வர் நின்றதால் சர்வர் நின்றது" என்று எழுதினால் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். முப்பது வயதுக்காரர் இதயம் நின்றதால் இறந்தார் என்பது அந்த மாதிரி அறிக்கை. சர்வருக்குக் கிடைக்கிற விசாரணை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைக் கத்தார் மட்டும் செய்யவில்லை. உடலை விமான நிலையத்தில் வாங்கிக்கொண்ட நம் அரசாங்கமும் துருவிக் கேட்கவில்லை.

போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள் ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ ஒரு மணி நேரம் பேசினார். மூவாயிரம் வருடமாக உலகத்துக்குச் செய்ததற்காக ஐரோப்பியர்கள் அடுத்த மூவாயிரம் வருடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். எங்கள் நண்பர் குழுவில் அந்த வீடியோ சுற்றோ சுற்றென்று சுற்றியது. எனக்கும் கேட்க ருசியாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பந்தலில் ஏன் ஆள் செத்தான் என்று கேட்டவனிடம் "உன் தாத்தா திருடன்" என்று பதில் சொல்வதுதான் இது. தாத்தா திருடனாகவே இருக்கட்டும். செத்தவன் கணக்கு அப்படியே நிற்கிறதே.

கை நனைக்காமல் இருப்பது எப்போதுமே வெறும் பாவனை என்று நான் சொல்லவில்லை. 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிப் போட்டிக்கு வந்தது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய்யும் ஆனந்தும் இருபதுகளின் தொடக்கத்தில், ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தார்கள். எதிரில் தென்னாப்பிரிக்கா, இறுதிப் போட்டியை நடத்த வேண்டியதும் தென்னாப்பிரிக்காதான். நிறவெறி ஆட்சி நடக்கிற நாட்டுக்குப் போக மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. ஆடாமலே தென்னாப்பிரிக்கா கோப்பையை வாங்கிக்கொண்டது. இந்தியா பிறகு 1987-இல் ஒருமுறை இறுதிக்கு வந்து தோற்றது. இன்றுவரை அந்தக் கோப்பை நம்மிடம் இல்லை.

அந்த மறுப்பு எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களின் இயக்கமே உலகத்திடம் அதைக் கேட்டது: எங்களை ஒதுக்குகிற அணிகளோடு விளையாடாதீர்கள் என்று. மறுத்த இந்தியாவும் கையிலிருந்ததை இழந்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் அந்தச் சகோதரர்கள் இல்லை, ஆனால் விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. டிவியை அணைத்த என் ஜெர்மன் நண்பர் இழந்தது ஒரு மாதப் பொழுதுபோக்கு.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2013 பிப்ரவரியில், பன்னிரண்டு வயது பாலச்சந்திரனின் புகைப்படங்கள் வெளிவந்த அதே வாரத்தில், இலங்கை வீரர்கள் வருவார்களென்றால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த மாட்டோம் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். போட்டி புனேவுக்குப் போனது. அடுத்த மாதம் மாணவர் போராட்டம் பற்றிக்கொண்டது. அரசு கல்லூரிகளை மூடியது. பொறியியல் கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். உட்கார்ந்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தடகளப் போட்டியை விட்டுக்கொடுத்ததும் கௌரவமான மறுப்பு; இழந்தது நாம்.

ஆனால் அதற்கு முந்தைய செப்டம்பரில், நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து ஆட வந்த கொழும்பு ராயல் கல்லூரிப் பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆட அனுமதி கொடுத்த அதிகாரி சஸ்பெண்ட். 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர் யாரும் சென்னையில் ஆடக் கூடாது என்றானது. அந்த வருடம் பெங்களூர் அணியில் இருந்த முத்தையா முரளிதரனும் அதில் அடக்கம். கண்டித் தமிழர், சென்னையில் பெண்ணெடுத்தவர். தமிழர்களுக்காக எடுத்த முடிவில் சேப்பாக்கத்துக்குள் வர முடியாமல் போனார். புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர்கள் இலங்கை கிரிக்கெட்டைப் புறக்கணியுங்கள் என்று லண்டனிலும் கார்டிஃபிலும் கேட்டது உண்மை. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டால் செய்ய வேண்டும் என்ற என் அளவுகோல் இங்கே எனக்கே இடிக்கிறது. ஆனாலும் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற அம்மா கேட்டது சர்வதேச விசாரணையை. பள்ளிக்கூடப் பையன்களை பஸ் ஏற்றுவதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்பது வருடம் கழித்து, உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தோம், "தம்பி" குதிரைக்கு வேட்டி கட்டினோம். பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன். அதை நடத்த நமக்குத் தகுதி இருக்கிறதா என்று இங்கே யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பாகிஸ்தான் மட்டும் ஜோதி ஓட்டம் காஷ்மீர் வழியாகப் போனதைச் சொல்லி விலகியது. அவர்களுக்கு நாம்தான் கை நனைக்கக் கூடாத வீடு. நமக்கு அது செய்தியில் ஒரு மூலை.

அம்மாபேட்டையில் ஆடிப் பண்டிகைக்கு வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேஷம் போட்டவர்கள் ஜோடித்த வண்டிகளில் வருவார்கள். வெளியூர் சொந்தமெல்லாம் வீட்டில் இருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்து ஊர்ப் பண்டிகை ஒன்றில் சீரியல் லைட் கட்ட ஏறியவர் கரண்ட் அடித்து இறந்துபோனார். ஊர்க் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். பண்டிகையை நிறுத்தலாமா என்ற பேச்சு கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. நீண்டது பணப் பேச்சுதான். "அவரு காண்ட்ராக்டரோட ஆளு, நமக்கென்ன பொறுப்பு" என்று ஒருவர். "நம்ம பண்டிகைக்குத்தானய்யா ஏறுனான்" என்று இன்னொருவர். கடைசியில் வாண வேடிக்கையையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் ரத்து செய்து அந்தப் பணத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். முதலில் பேசிய தொகையைவிடக் குறைவுதான், அதையும் இரண்டு தவணையில். ஊர் என்றால் அப்படித்தான். ஆனால் வரி வசூலித்த நோட்டிலேயே அந்தச் செலவும் எழுதப்பட்டது.

கத்தார் விஷயத்தில் இந்தக் கணக்கைக் கேட்டவர்களும் இருந்தார்கள். 2022 மே மாதம் ஆம்னெஸ்டியும் வேறு பல அமைப்புகளும் போட்டியை நிறுத்து என்றோ பார்க்காதே என்றோ கேட்கவில்லை. மொத்தப் பரிசுத் தொகைக்குச் சமமாகக் குறைந்தது 44 கோடி டாலரைத் தொழிலாளர்களின் நஷ்ட ஈட்டுக்கு ஒதுக்கு என்று ஃபிஃபாவிடம் கேட்டார்கள். அந்த நான்கு வருடச் சுற்றில் ஃபிஃபாவின் வருமானம் சுமார் 750 கோடி டாலர். 2024 நவம்பரில் ஃபிஃபா 5 கோடி டாலரில் ஒரு நிதியை அறிவித்தது. அது உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு ஆகியவற்றின் திட்டங்களுக்குப் போனது. இறந்தவர் வீட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. திரையை அணைத்த நகரங்களில் இதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்று பார்த்தேன். போட்டி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அப்போது யாருக்கும் அபிப்பிராயம் மிச்சமில்லை.

அதற்கடுத்த மாதமே, 2024 டிசம்பர் 11 அன்று, 2034 உலகக் கோப்பையை சவூதி அரேபியாவுக்குக் கொடுத்தார்கள். போட்டியிட்டது ஒரே நாடு. வீடியோ கூட்டத்தில் கை தட்டியே முடித்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு வருகிறது. 2010-இல் டெல்லியில் நடந்தபோது, கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் அமைத்த குழுவே சொன்னது. அந்தப் போட்டி வெற்றிபெற்றால் வருத்தப்படுவேன் என்று சொன்ன மயிலாடுதுறையின் முன்னாள் எம்.பி. மணிசங்கர் ஐயரைத் தேசவிரோதி என்று திட்டித் தீர்த்தோம். குழுவின் அறிக்கையைப் படித்தவர்கள் குறைவு.

தெருக்காரரின் அண்ணன் மகன் இப்போது ரியாத்துக்குக் கிளம்புகிறான். அரபியும் ஆங்கிலமுமாக இருந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். சவூதி உலகக் கோப்பையை நடத்தலாமா என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை. சம்பளம், ஓவர்டைம், லீவு எல்லாம் வாசித்துச் சொன்னேன். பையன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவர் குறுக்கிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஏதாவது ஆயிட்டா பாடிய அனுப்பற செலவு யாரோடதுன்னு போட்டிருக்கான் பாரு" என்றார். தேடினேன், கம்பெனியுடையது என்று ஒரு வரி இருந்தது. நஷ்ட ஈடு பற்றி, அந்நாட்டுச் சட்டப்படி என்பதற்கு மேல் எதுவும் இல்லை. இரண்டையும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்து, பையனிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.