விடுமுறையும் பெருநாளும்

அரபு மொழியில் ‘ஈத்’ என்றொரு சொல்லும் ‘உத்லா’ என்றொரு சொல்லும் உண்டு. முன்னது ‘ஆத’ என்னும் வினையடியாகப் பிறந்தது. திரும்பி வருதல் அதன் பொருள். ஆண்டுதோறும் மீண்டு வருவதால் பெருநாளுக்கு அப்பெயர் அமைந்தது என்பர் மொழிநூலார். பின்னதோ வேலையற்றிருத்தல், இயங்காது கிடத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அரசாங்க விடுமுறைக்கு அரபு நாடுகளில் இன்று வழங்கும் சொல் அதுவே. ஈதை அளிப்பது மார்க்கம். உத்லாவை அளிப்பது அரசாணை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் குழப்பங்கள் பல. ஒரே மண்ணில் வாழும் இரு சமயத்தார், தத்தம் கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடாமல், ஒரு நாளைப் பொதுவாகக் கொள்ள இயலுமா என்னும் வினாவும் இக்குழப்பத்தில் சிக்கியதே ஆகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு லெபனானைவிடப் பொருத்தமான நாடு வேறில்லை. அங்கே அரசு ஏற்றுக்கொண்ட சமயப் பிரிவுகள் 18. 1932க்குப் பின் அந்நாட்டில் மக்கள்தொகைக் கணக்கே எடுக்கப்படவில்லை. எடுத்தால் எவர் எண்ணிக்கை கூடியது, எவருடையது குறைந்தது என்னும் பூசல் எழும் என்னும் அச்சமே காரணம். 1975 முதல் 1990 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் முடிவில், 1989ஆம் ஆண்டின் தாயிஃப் உடன்படிக்கையை ஒட்டி, நாடாளுமன்ற இடங்கள் கிறித்தவர்க்குப் பாதி, முஸ்லிம்களுக்குப் பாதி எனப் பகிரப்பட்டன. இன்று 128 இடங்களில் 64, 64. விடுமுறைப் பட்டியலும் ஏறக்குறைய இவ்வண்ணம் பங்கு போடப்பட்டதே. டிசம்பர் 25 ஒருபுறம், ஆர்மீனியருக்காக ஜனவரி 6 ஒருபுறம், மாரோனியரின் புனிதர் மாரோனுக்காகப் பிப்ரவரி 9, மேலைத் திருச்சபைக்கும் கீழைத் திருச்சபைக்கும் தனித்தனியே பெரிய வெள்ளி. நமக்கு இரு பெருநாட்கள், ஹிஜ்ரிப் புத்தாண்டு, மீலாது, ஆஷூரா. இவை யாவும் ‘அவர்கள் நாள்’, ‘எங்கள் நாள்’ என்று எண்ணிக் கொடுக்கப்பட்டவை. அண்டை வீட்டான் பெருநாளில் நானும் கடையடைக்கிறேன், அவ்வளவே. அது நல்லிணக்கந்தான், ஆயினும் வரவு செலவுக் கணக்கின் வாடை அதில் வீசுகிறது.

இப்பட்டியலில் 2010ஆம் ஆண்டு புதியதொரு நாள் சேர்ந்தது. மார்ச் 25ஐக் கிறித்தவ - இஸ்லாமியப் பொது விடுமுறையாக அவ்வாண்டு பிப்ரவரியில் ஸஅத் ஹரீரியின் அமைச்சரவை அறிவித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘மங்கள வார்த்தைத் திருநாள்’ என்று போற்றும் நாள் அது. வானவர் ஜிப்ரீல் (அலை) மர்யம் அம்மையாரிடம் வந்து, ஈஸா நபி (அலை) பிறக்கவிருக்கும் செய்தியை அறிவித்த நிகழ்ச்சியே அதன் பொருள். அரபுக் கிறித்தவர் அதனை ‘ஈதுல் பிஷாரா’ என்பர். நம் திருமறையின் ‘ஆல இம்ரான்’ அத்தியாயம் அதே நிகழ்ச்சியைக் கூறுமிடத்து ஆளும் வினைச்சொல்லும் அதே வேரினதே. பெய்ரூத்துக்கு அருகே ஜம்ஹூரில் உள்ள ஏசு சபையார் கல்லூரியில் 2007ஆம் ஆண்டு இரு சமயத்தாரும் கூடி மர்யம் அம்மையாரை நினைவுகூர்ந்த ஒரு கூட்டமே இதற்கு வித்து.

எத்தனையோ நாட்கள் இருக்க இந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது அறிவுடைமை என்றே நான் கருதுகிறேன். திருமறையில் பெயர் சொல்லிக் குறிக்கப்பெற்ற பெண்மணி மர்யம் அம்மையார் ஒருவரே. 98 வசனங்கள் கொண்ட 19ஆம் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஆக, இந்நாளின் செய்தியை ஒரு முஸ்லிம் பிறரிடமிருந்து இரவல் பெற வேண்டுவதில்லை. ஆகஸ்ட் 15 அத்தகையதன்று; அந்நாளின் கொள்கைக்கு நம்மிடம் ஆதாரம் யாதும் இல்லை.

எனினும் மறுப்போர் கூற்றையும் கேட்டல் வேண்டும். பிற சமயத்தார் விழாக்களில் கலத்தல் கூடாது என்பதற்கென்றே டமாஸ்கஸ் வாழ் அறிஞர் இப்னு தைமிய்யா (ரஹ்) ஒரு நூல் யாத்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அம்மக்கள் விளையாட்டும் களிப்புமாகக் கொண்டாடிவந்த இரு நாட்களைக் கண்டு, அவற்றினும் மேலான இரு நாட்களை இறைவன் அளித்திருப்பதாகக் கூறியதை அபூதாவூதில் காண்கிறோம். மார்க்கம் தந்த ஈத் இரண்டே; மூன்றாவதைப் படைக்க எந்த அமைச்சரவைக்கும் உரிமை இல்லை. மேலும் மார்ச் 25 என்னும் தேதி திருமறையில் இல்லை. டிசம்பர் 25க்கு ஒன்பது திங்கள் முற்பட்டது அந்நாள். அது திருச்சபையின் கணக்கு. இவ்வளவும் உண்மை. மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே மதீனாவில் வேறொன்றும் நிகழ்ந்தது. யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பிருப்பதைக் கண்ட அண்ணலார் காரணம் வினவினார்கள். மூஸா நபியும் (அலை) அவர் சமூகத்தாரும் ஃபிர்அவ்னிடமிருந்து மீட்கப்பெற்ற நாள் என்று அறிந்ததும், மூஸாவுக்கு நாமே மிக உரியோம் எனக் கூறித் தாமும் நோன்பிருந்தார்கள். தோழர்களையும் நோற்கச் சொன்னார்கள். பின்னர், வரும் ஆண்டு வரை வாழ்ந்தால் ஒன்பதாம் நாளும் சேர்த்து நோற்பதாக மொழிந்தார்கள். நாள் ஒன்று, நன்றிக்குரிய நிகழ்ச்சி ஒன்று. அதனுள்ளேயே ஒரு வேறுபாடும் காக்கப்பெற்றது. கலப்பது, விலகுவது என்னும் இரண்டே வழிகள் உள்ளன என்று வாதிடுவோர் இந்த நபிமொழியின் இரு பாதிகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான் ஓதிய மதரஸாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ ஞாயிறு. கிறித்தவர்க்கு ஞாயிறு போல் நமக்கு வெள்ளி ஓய்வுநாள் என்றே இளமையில் எண்ணியிருந்தேன். ‘ஜும்ஆ’ அத்தியாயத்தை விரிவுரையோடு ஓதியபோதுதான் என் அறியாமை விளங்கிற்று. தொழுகை அழைப்புக் கேட்டதும் வணிகத்தை விடும்படி சொல்லும் திருமறை, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி இறையருளைத் தேடும்படி ஏவுகிறது. நாள் முழுவதும் வேலை செய்யாதிருப்பது நமக்குக் கடமையன்று. ஆக, விடுமுறையில் புனிதம் தேடுவது நம் மரபுக்கே புறம்பானது. லெபனான் அரசு அளித்தது ஓர் உத்லா. அதனை ஈதாக ஆக்குவதும் ஆக்காதிருப்பதும் அவரவர் பொறுப்பு. கிறித்தவர் அன்று திருப்பலி காண்பர். முஸ்லிமுக்குத் தனித் தொழுகை இல்லை; இருந்தால் அது பித்அத். ஆனால் மர்யம் அத்தியாயத்தை ஓதுவதற்கு எந்நாளில் தடை? ஈஸா நபியைப் பற்றி உம் கொள்கை யாது என்று அண்டை வீட்டார் கேட்பாராயின், ஹபஷா மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் சொன்ன விடை இருக்கிறது. அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினார்கள். மறுநாள் அக்கேள்வி எழுந்தபோது, ஈஸா (அலை) இறைவனின் அடியார், தூதர் என்பதை மறைக்கவும் இல்லை.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சி. 2023ஆம் ஆண்டு மார்ச் 25 சனிக்கிழமை. ரமலான் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. கிறித்தவர்க்கு அது தவக்காலம். இரு சாராரும் நோன்பின் காலத்தில் இருக்க, இருவர்க்கும் பொதுவான நாள் வந்தது. அன்று நள்ளிரவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னகர்த்துவது வழக்கம். இடைக்காலப் பிரதமர் நஜீப் மீக்காத்தி, சபாநாயகர் நபீஹ் பிர்ரியின் வேண்டுகோளின்படி, அதனை ரமலான் முடியும்வரை ஒத்திவைப்பதாகச் சில நாட்களுக்கு முன்னரே அறிவித்திருந்தார். நோன்பு திறக்கும் நேரம் ஏழு மணிக்குப் பதில் ஆறு மணியாக அமையும் என்பதே நோக்கம். மாரோனியத் திருச்சபை இதனை ஏற்க மறுத்தது. ஞாயிறு காலை ஒரே நாட்டில் இரண்டு மணி ஓடிற்று. ஒரே தெருவில் ஒரு நிறுவனத்துக்கு எட்டு, மற்றொன்றுக்கு ஒன்பது!

மார்க்கம் கற்றவன் என்னும் முறையில் இவ்விடத்து நான் வெட்கமுறுகிறேன். நோன்பு வைகறையில் தொடங்கிக் கதிரவன் மறையுங்கால் முடிவது. கடிகார முள்ளை எப்படித் திருப்பினும் பசி ஒரு நிமிடமும் குறையாது. மார்க்கம் கேளாத ஒரு சலுகையை மார்க்கத்தின் பெயரால் ஈந்தனர். மறுசாராரிடம் கலந்து பேசவுமில்லை. அதனை மறுத்தவர்களும் கடிகாரத்துக்குச் சமயக்கொடி கட்டினர் என்பது வேறு கதை. மர்யம் அம்மையாரின் பெயரால் 13 ஆண்டுகளாகக் காத்துவந்த ஒற்றுமை ஒரு மணி நேரத்தின் முன் தடுமாறிற்று.

மார்ச் 27ஆம் நாள் அமைச்சரவை கூடித் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 29ஆம் நாள் நள்ளிரவில் கடிகாரங்கள் முன்னகர்த்தப்பட்டன. மறுநாள் மாலை பெய்ரூத் முஸ்லிம்கள் ஏழு மணியளவில் நோன்பு திறந்தார்கள். முந்தின நாள் அவர்கள் காத்திருந்த அளவே அன்றும் காத்திருந்தார்கள்.