கேட்டதற்குப் பதில்

இணையத்தில் சேலை விற்பவர்களின் பக்கங்களை ஆசையோடு பார்ப்பவன் நான். உடல், கரை, முந்தி என்று எல்லாவற்றையும் விரித்துக் காட்டுவார்கள். கீழே வரிசையாக "விலை என்ன?" என்று கேட்டிருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: "இன்பாக்ஸ் வாங்க சிஸ்டர்." விலையை வெளியே சொன்னால் போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம் ஒருபக்கம், பேச்சுக்கு வந்தால் வாங்க வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். கேட்டவரோ எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

தொழிலை இணையத்தில் வளர்க்கக் கற்றுத்தருகிறவர்கள் தவறாமல் இரண்டைச் சொல்வார்கள்: விடாமல் பதிவு போடுங்கள், உண்மையாக இருங்கள். சரிதான். ஆனால் அந்த உண்மையைப் பலர் சொந்த வாழ்க்கையில் தேடுகிறார்கள். பிள்ளையின் காய்ச்சல், வீட்டுச் சண்டை, கேமரா முன்னால் கண்ணீர். எனக்கு இதில் உடன்பாடில்லை. எண்ணெய் வாங்க வருகிறவருக்கு விற்பவரின் வீட்டுக் கூடம் எதற்கு? அவருக்கு வேண்டியது விற்பவரின் கணக்கு நோட்டு.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் என்ற நிறுவனத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2008 பொருளாதார வீழ்ச்சியில் அந்த நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், 2009-இல், வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இணையதளத்தில் பதில் எழுதத் தொடங்கினார். ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதை வெளிப்படையாக எழுதினார். அந்தத் தொழிலில் யாரும் தொடாத விஷயம் அது. அடுத்து, தான் விற்கும் அதே குளத்தின் குறைகளை எழுதினார். வட்டாரத்தில் நன்றாகக் குளம் கட்டும் போட்டியாளர்களைப் பட்டியலிட்டார். அதில் தன் நிறுவனத்தைச் சேர்க்கவில்லை. நிறுவனம் பிழைத்தது, வளர்ந்தது. அந்த அனுபவத்தை வைத்து 2017-இல் அவர் ஒரு புத்தகமும் எழுதினார்.

என் தம்பி காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறான். அவன் எழுதும் பதிவுகளை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பது என் வேலை. தொடக்கத்தில் எல்லாரையும் போல "சுத்தமானது, பாரம்பரியமானது" என்றே எழுதிக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒரு அம்மா போனில், "ஏனுங்க, உங்க கடலை எண்ணெய் சூடேறுனா நுரைச்சுட்டு வருதுங்க, கலப்படமுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு அவன் எழுதியது இதுதான்: செக்கில் ஆட்டிய எண்ணெயில் பிசின் போன்ற பொருள் கொஞ்சம் தங்கியிருக்கும், ஈரமும் இருக்கலாம், ரீஃபைண்டு எண்ணெயில் அந்தப் பிசினை எடுத்துவிடுவார்கள், அதனால் இது நுரைக்கும், நிறைய எண்ணெய் ஊற்றிப் பலகாரம் சுடுவதற்கு அவ்வளவு தோதுப்படாது. தன் சரக்கு எதற்கு ஆகாது என்று அவனே சொன்ன முதல் பதிவு. அதற்கு வந்த போன்கள் அதுவரை எதற்கும் வந்ததில்லை.

பிறகு கேள்விகள் தாமாக வந்தன. பாட்டிலின் அடியில் வண்டல் ஏன்? நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எதற்கு? தேங்காய் எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தம் என்கிறார்களே? அதை நம்ப வேண்டாம், விலை குறைந்த பாம் கர்னல் எண்ணெயும் உறையத்தான் செய்யும் என்று எழுதினான். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ எள் போகிறது. எள் விலை, கருப்பட்டி, ஆள் கூலி, கரண்டு, பாட்டில் இவ்வளவு. புண்ணாக்கு விற்று வருவது இவ்வளவு. மிச்சம் இவ்வளவு என்று பிரித்துப் போட்டான். கொலஸ்ட்ராலைக் கரைக்கும், மூட்டுவலி போகும் என்றெல்லாம் ஒரு வரி எழுத மாட்டேன் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறான். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

தினமும் எழுத என்ன இருக்கிறது என்று சோர்ந்துபோகிறவர்கள் தங்களைப் பற்றியே எழுதப் பார்க்கிறார்கள். நம்மைப் பற்றிச் சொல்ல இருப்பது சீக்கிரம் தீர்ந்துபோகும். வாங்குகிறவரின் சந்தேகம் தீராது.

அடுத்தவரைப் பார்த்து அப்படியே செய்வதும் உதவாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் யூடியூபில் 2018-இல் தொடங்கி 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல் அது. அதைப் பார்த்து வயல்வெளியும் பெரிய அண்டாவுமாக எத்தனையோ பேர் கிளம்பினார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று: அங்கே முன்னால் நின்ற பெரியதம்பி தாத்தா உண்மையிலேயே சமையல்காரர். வயலையும் அண்டாவையும் எவரும் கொண்டுவந்துவிடலாம். கைப்பழக்கத்தை அப்படிக் கொண்டுவர முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கை நம்பி வியாபாரம் செய்தவர்கள் ஒரே இரவில் தங்கள் ஆட்களை இழந்தார்கள். தம்பி வாடிக்கையாளர் எண்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். தொழில் செய்கிற எல்லாரும் இதைச் செய்யவேண்டும்.

2025-இல் கொப்பரை விலை தாறுமாறாக ஏறியது. தேங்காய் எண்ணெய் விலையை ஏற்றாமல் முடியாது. கொப்பரை வாங்கிய பில்லைப் படமெடுத்துப் பதிவில் போட்டு, புதிய விலையையும் சொன்னான். சிலர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். "பரவால்லண்ணா, சொல்லாம ஏத்தி அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு இது மேல்" என்றான். இப்போது வாராவாரம் பில்லைப் போடுகிறான். ஆகவே கொப்பரை இறங்குகிற வாரத்தில் எண்ணெய் விலையையும் இறக்கியாக வேண்டும். மறந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. "போன வாரத்தைவிடக் கிலோவுக்கு எட்டு ரூபா கொறஞ்சிருக்கே, எண்ணெய் எப்பங்க கொறையும்?" என்று முதல் ஆளாகக் கேட்டவர், நுரையைப் பற்றிக் கேட்ட அதே அம்மா. அன்று சாயங்காலமே குறைத்தான்.