கேட்கக் கற்பது எங்கே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகள் வந்திருந்தாள். மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்தவள். மனம் நொந்தவர்களுக்குப் பேச்சின் மூலமே சிகிச்சை செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அவள் ஆசை. கையில் மூன்று இடங்களின் விவரத் தாள்கள். அவற்றைச் சீட்டுப் பரப்புவதுபோல் என் மேஜைமேல் பரப்பினாள்.

“மாமா, நீங்க மனுஷங்களைப் பத்தியே எழுதறவங்க. இதுல எங்கே சேரலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

முதல் தாள் வழவழப்பாக இருந்தது. ஆறு சனிக்கிழமைகள் போய் வந்தால் போதும். தங்க முத்திரையிட்ட சான்றிதழோடு ‘மனநல ஆலோசகர்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாமாம். இரண்டாவது, வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் படிக்கும் ஓராண்டு டிப்ளமோ. மூன்றாவது, வெளியூரில் ஒரு மனநல மருத்துவமனையை ஒட்டிய இரண்டாண்டுப் பயிற்சி. நுழைவுத் தேர்வு உண்டு, நேர்முகத் தேர்வு உண்டு, இடங்களோ மிகக் குறைவு. அந்தத் தாளில் படம்கூட இல்லை.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது.

கதை எழுதுகிறவனுக்குக் கடிதங்கள் வரும். கதையைப் புகழ்ந்து இரண்டு வரி எழுதிவிட்டுத் தம் துயரத்தை இருபது வரி எழுதுகிறவர்கள் உண்டு. அப்படித்தான் ஒரு பெண் எழுதியிருந்தாள். திருமணத்துக்கு முன்பு நடந்த ஏதோ ஒன்றைக் கணவனிடம் மறைத்து வைத்திருப்பதாகவும், அது இரவும் பகலும் நெஞ்சை அறுப்பதாகவும், என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாள். அந்த வாரம்தான் ஒரு தொடர்கதையில் கதாநாயகி தன் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழும் கட்டத்தை எழுதி முடித்திருந்தேன். அதே சூட்டில் நான்கு பக்கம் பதில் எழுதினேன். உண்மை ஒருபோதும் இல்லறத்தைக் கெடுக்காது, மனம் திறந்து சொல்லிவிடு என்பது அதன் சாரம். எழுதி முடித்ததும் என் கண்களிலேயே நீர் துளித்தது.

மூன்று மாதம் கழித்து அவள் பிறந்த வீட்டு முகவரியிலிருந்து ஓர் அஞ்சல் அட்டை வந்தது. “நீங்கள் எழுதியபடியே சொன்னேன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன்.” அவ்வளவுதான். என்னைக் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த அட்டையை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். என்னிடம் எது குறைவாக இருந்தது? இரக்கம் குறைவில்லை, சொல்வளமும் இருந்தது. ஆனால் அந்தக் கணவன் எப்படிப்பட்டவன் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘நீ அழுத்தம் தாங்காமல் கேட்கிறாயா, முடிவு செய்துவிட்டுக் கேட்கிறாயா?’ என்று விசாரிக்கவில்லை. அவளுடைய துன்பத்தில் என் கதாநாயகியைக் கண்டேன்; அவளைக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பதிலைத் தபாலில் சேர்க்கும் முன் வாங்கிப் படித்து, “இதை அனுப்பாதே” என்று தடுக்கக்கூடியவர் எனக்கு மேலே ஒருவரும் இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “அப்போ சட்டப்படி அங்கீகாரம் உள்ள இடமாப் பார்த்துச் சேர்ந்தாப் போதுமா மாமா?” என்றாள்.

போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் சட்டம் நம்மைப் பாதி வழிதான் கொண்டுபோய் விடுகிறது. ‘கிளினிகல் சைக்காலஜிஸ்ட்’ என்று தொழில் செய்ய வேண்டுமானால், 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி அதன் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதற்கென்று கவுன்சில் ஒப்புக்கொண்ட பயிற்சி இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிலையம் போன்ற இடங்களில் நெடுங்காலமாக அது இரண்டாண்டு எம்.ஃபில். ஆக நடந்து வந்தது. பட்டத்தின் பெயரும் அமைப்பும் இப்போது மாறி வருகின்றன. ஆனால் ‘ஆலோசகர்’ என்ற சாதாரணச் சொல்லுக்கு அப்படிப்பட்ட வேலி இங்கே நெடுங்காலம் இருந்ததில்லை. யாரும் பலகை மாட்டலாம் என்பதே வழக்கமாக இருந்தது. 2021-ஆம் ஆண்டு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக வந்த சட்டம் இந்தத் துறையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. இங்கிலாந்தில்கூட அந்தச் சொல் யாருக்கும் சட்டப்படி உரிமையானதல்ல.

இந்தச் சண்டை பழையது. வியன்னாவில் பிராய்டின் சீடர் தியோடர் ரெய்க் மருத்துவப் பட்டம் இல்லாதவர். அவர் போலி வைத்தியம் செய்கிறார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அதையொட்டி 1926-இல் பிராய்டு ஒரு சிறு நூல் எழுதினார். போலி வைத்தியன் என்பவன் யார்? பட்டம் இல்லாதவனா? அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய அறிவும் திறமையும் இல்லாமல் அதில் இறங்குகிறவன் எவனோ அவனே போலி என்பது அவர் வாதம். அந்தக் கணக்கில், மனத்தைப் பற்றித் தனியே பயிலாமல் மனத்துக்கு வைத்தியம் செய்யும் மருத்துவர்களும் போலிகளே என்று துணிந்து சொன்னார்.

அந்த அறிவும் திறமையும் எப்படி வரும் என்பதற்கு பெர்லின் நகரில் ஒரு வழி வகுத்தார்கள். 1920-இல் அங்கே ஓர் இலவச மருத்துவ நிலையம் தொடங்கிற்று. அதை ஒட்டிய பயிற்சிக்கு மூன்று கால்கள்: கற்பவன் முதலில் தானே நோயாளியின் இடத்தில் இருந்து தன் மனத்தைப் பிறர் ஆராய இடம் கொடுக்க வேண்டும், பாடம் கேட்க வேண்டும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். உலகெங்கும் பல பயிற்சிப் பள்ளிகள் இந்த முக்காலியைத்தான் தங்களுக்கேற்ப மாற்றி வைத்துக்கொண்டன. முதல் கால் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. ஆனால் மூன்றாவது கால் இல்லாத முக்காலி நிற்காது. ஆறு சனிக்கிழமைச் சான்றிதழில் இருப்பது நடுக்கால் ஒன்றுதான்.

நேயர்களில் சிலர் இங்கே குறுக்கிடலாம். “பிராய்டுக்கு யார் மேற்பார்வை செய்தார்கள்? 1922-இல் கல்கத்தாவில் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர போஸ் எந்தப் பள்ளிக்குப் போனார்?” நியாயமான கேள்வி. வழி இல்லாத காட்டில் முதலில் நடந்தவர்கள் அவர்கள். முள் குத்தியே தெரிந்துகொண்டார்கள்; அவர்களை நம்பி வந்தவர்களுக்கும் சில முட்கள் குத்தியிருக்கும். பாதை போட்ட பிறகும் நான் காட்டுக்குள்தான் போவேன் என்பது வீரமாகாது. குத்தப்போவது இன்னொருவன் காலில் அல்லவா?

இன்னொரு கேள்வியும் உண்டு. அன்பான காது இருந்தால் போதாதா? 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் தம்மை அழைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். தேடி வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, உதவிக்கு வந்த சாதாரண மனிதர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே பலருக்குப் பாரம் இறங்கி, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பினார்கள். சென்னையில் 1986-இல் தோன்றிய சிநேகா அமைப்பிலும் தொண்டர்கள்தாம் காது கொடுக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: அந்த இடங்களிலும் வருகிற எல்லோரையும் அப்படியே உட்கார வைத்துவிடுவதில்லை. தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்த பிறகே உட்கார வைக்கிறார்கள். தேநீர் கொடுக்கும் கைக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், கட்டணம் வாங்கும் கைக்கு?

நம் ஊருக்கென்று ஒரு கவலை இருக்கிறது. பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வருகிறவர்களின் துயரம் தமிழில் இருக்கிறது. “நெஞ்சு படபடன்னு வருது”, “கை காலெல்லாம் எரியுது”, “யாரோ ஏதோ செஞ்சு வெச்சுட்டாங்க” என்றுதான் நம் மக்கள் மனத்தின் வலியைச் சொல்கிறார்கள். ‘மனச்சோர்வு’ என்று ஒருத்தியும் வந்து சொல்வதில்லை. எரிகிறது என்கிறவளிடம் எங்கே எரிகிறது, எப்போதிலிருந்து எரிகிறது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்கப் பழக்கும் இடமா, அவள் சொல்லைத் தள்ளிவிட்டு ஆங்கிலப் பெயர் ஒன்றை ஒட்டப் பழக்கும் இடமா? இதையும் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது. என் அக்காள் கணவர் ஓய்வு பெற்றவர். மகள் இந்த ஆண்டே நாலு காசு சம்பாதித்தால் அவருக்கு ஆறுதல். வெளியூர், விடுதி, இரண்டு வருஷம் என்றால் யோசிக்கத்தான் செய்வார். மூன்றாவது தாளை எடுத்துக்கொள் என்று எளிதாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை? எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்காது. திறக்காதவர்கள் எல்லோரும் தகுதியற்றவர்களும் அல்லர்.

ஆகவே பெயர் எதையும் நான் சொல்லவில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் நான் எத்தனை மணி நேரம் உயிருள்ள மனிதர்கள் முன் உட்காருவேன்? உட்கார்ந்து எழுந்த பிறகு, நான் என்ன பேசினேன் என்று கேட்டுத் திருத்தப்போகிறவர் யார்? வருகிறவர்கள் பேசும் மொழியில் பழக்குவீர்களா? “நீ இதற்கு இன்னும் தயாராகவில்லை” என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா?

நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியம். கற்க வருகிறவனை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பள்ளி, அவனிடம் நாளைக்கு வந்து உட்காரப்போகிறவளை நினைத்துப் பார்க்கவில்லை என்று பொருள். நாம் கொடுக்கும் கட்டணம் நமக்காக. அந்தப் பள்ளியின் கண்டிப்போ நாம் இன்னும் பார்க்காத யாரோ ஒருத்திக்காக. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். முதல் இடத்தில் கேட்டுப் பார்த்தாளாம். “எங்ககிட்ட சேர்ந்தவங்கள்ல ஒருத்தர்கூட ஃபெயிலானதில்லை, நூத்துக்கு நூறு” என்று பெருமையாகச் சொன்னார்களாம். சிரித்தாள். மூன்றாவது இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. கிடைக்காவிட்டால், ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே மறுபடியும் எழுதுவதாகத் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது வாசலில் நின்று, “மாமா, அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?” என்று கேட்டாள்.

“தெரியாது அம்மா. பதில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை” என்றேன்.

அவள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. காலம் மாறிவிட்டது, மறந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டாமல் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் போனாள்.