எப்பாப்பிரோதீத்துக்கு மரியாதை செய்தோமா?



இந்த மாதம் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்களைத் தியானிக்கும்படி ஆவியானவர் என்னை ஏவினார். எப்பாப்பிரோதீத்து என்கிற சகோதரனைப் பற்றி அங்கே வாசிக்கிறோம். அவர் பெரிய பிரசங்கியார் என்று வேதம் சொல்லவில்லை. பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பின காணிக்கையைக் காவலிலிருந்த பவுலிடம் கொண்டுபோனார். அங்கேயே இருந்து அவருக்கு வேண்டியதைச் செய்தார். அந்த ஊழியத்தினாலேயே வியாதிப்பட்டு, சாவின் வாசல்வரை போய்விட்டார். தேவன் இரங்கினார், பிழைத்தார். அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பும்போது பவுல் சபைக்கு ஒன்று சொல்லுகிறார்: தன் உயிரைக் கூடப் பார்க்காமல் உழைத்த இப்படிப்பட்டவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள் என்கிறார்.

இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் கொரோனா நாட்களில்தான் இது என்னைக் குத்தினது.

2020 மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். உடனே அவசரமில்லாத ஆபரேஷன்களையெல்லாம் ஆஸ்பத்திரிகளில் தள்ளிவைத்தார்கள். சென்னை ஓமந்தூரார் தோட்டத்திலே இருக்கிற அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை, இருதயம், மூளை, இரத்தக்குழாய் என்று பெரிய பெரிய ஆபரேஷன்கள் நடக்கிற இடம். அது கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. அப்போது ஆபரேஷன் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? "நான் எலும்பு டாக்டர், எனக்கும் சளிக்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கலாமே! ஆனால் எத்தனையோ பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வார்டுக்குள் போனார்கள். ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். மூச்சுத் திணறுகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். கவச உடையைப் போட்டுவிட்டால் மணிக்கணக்காய் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க முடியாது.

காது மூக்கு தொண்டை டாக்டர்களின் வேலையைக் கேளுங்கள். பல நாள் வென்டிலேட்டரில் கிடக்கிறவருக்குக் கழுத்திலே துளைபோட்டு மூச்சுக்குழாயில் குழாய் வைக்கவேண்டியிருக்கும். துளை போடுகிற அந்த நேரத்தில் நோயாளியின் மூச்சு டாக்டரின் முகத்துக்கு நேரே வரும். கிருமியும் அதோடு வரும். தெரிந்தேதான் குனிந்தார்கள். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது, மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிற அந்த நோயைத் தடுக்க, அழுகின பாகத்தை வெட்டியெடுத்தார்கள். சிலருக்குக் கண்ணையே எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

இவர்களுக்கு நம்முடைய தேசம் கொடுத்த மரியாதை என்ன? 2020 ஏப்ரல் 19-ல் சென்னையில் மூளை நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவினால் மரித்தார். வயது 55. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப் போனபோது ஜனங்கள் கூடித் தடுத்தார்கள். வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் வந்தது! ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களுக்குக் காயம். கடைசியில் அவருடைய நண்பரான ஓர் எலும்பு அறுவைச் சிகிச்சை டாக்டர், தாமே ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு திரும்பவும் போய், இரண்டு வார்டு ஊழியர்களோடு சேர்ந்து, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்.

மறுவாரம் நான் போன் வழியாகச் சபைக்குச் செய்தி கொடுத்தபோது அந்தக் கூட்டத்தாரைக் கடுமையாய்க் கண்டித்தேன். "கல்நெஞ்சக்காரர்கள்" என்றேன். நீங்களும் "ஆமென்" என்றீர்கள்.

ஒரு வருஷம் போனது. 2021 மே மாதம் நம் சபையின் வயதான தாயார் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு ராத்திரி எனக்கு ஒரு போன். "பாஸ்டர் ஐயாங்களா? நான் வார்டு டூட்டி டாக்டர் பேசுறேன். அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், ஜெபம் பண்ணுங்க." நான் வீட்டு மொட்டைமாடியில் நின்று ஜெபித்தேன். அவர் கையுறை போட்ட கையில் அந்தப் போனைத் தாயாரின் காதருகே பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் எலும்பு ஆபரேஷன் டாக்டர்தான். நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரும் அல்ல. முடித்தபின் கேட்டேன், "உங்களுக்குப் பயமா இல்லையா சார்?" அவர் சொன்னார், "பயம் இல்லாம இருக்குமா ஐயா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. ஆனா உள்ள படுத்திருக்கிறவங்களுக்கு என்னைவிடப் பயமா இருக்கே."

மூன்றாம் நாள் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். மகன்மார் இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள். கவச உடை தருகிறார்கள், தூரத்தில் நின்று ஜெபித்தால் போதும் என்றார்கள். நான் போகவில்லை. "எனக்கு லேசா தொண்டை வலி" என்றேன். தொண்டை வலி இல்லை பிரியமானவர்களே. பயம்!

வாசல் கதவில் 91-ஆம் சங்கீதத்தை ஒட்டிவைத்திருந்தவன் நான். அந்தக் கதவைத் திறந்து வெளியே வரவில்லை. வேலங்காட்டில் கல்லெறிந்தவர்களை நான் நியாயந்தீர்த்தேனே. நான் கல்லெறியவில்லை, ஆனால் அதே பயந்தான் எனக்குள்ளும் இருந்தது. ஊழியக்காரன் செய்யவேண்டிய அடக்கத்தை ஓர் எலும்பு டாக்டர் மண்வெட்டி எடுத்துச் செய்தார். ஊழியக்காரன் போகவேண்டிய கட்டிலருகே இன்னொரு எலும்பு டாக்டர் போய் நின்றார். எப்பாப்பிரோதீத்து யார் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், "நான் பொய் சொன்னேன்" என்று அறிக்கையிட்டேன். மூத்தவர் அழுதார். இளையவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். இன்று உங்கள் முன்பாகவும் அறிக்கையிடுகிறேன்.

தேவஜனமே, அந்த 2020 ஏப்ரல் மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொற்றுநோயால் மரித்தவர்களின் அடக்கத்தைத் தடுத்தால் 3 வருஷம் வரை சிறை. நல்லதுதான். சட்டம் கல்லைக் கீழே போடவைக்கும். மண்வெட்டியை எடுக்கவைக்குமா? அதற்கு உள்ளத்தில் அன்பு வேண்டும். அபிஷேகம் பெற்றேன், அந்நியபாஷை பேசினேன் என்கிற நாம், அந்த அன்பைத் தினமும் கேட்டு வாங்கவேண்டும்.

நம் சபையில் நர்சுகள் உண்டு, வார்டில் வேலைசெய்கிறவர்கள் உண்டு. அந்த நாட்களில் அவர்களைக் கண்டு ஒதுங்கி நடந்தோமா? இந்த வாரமே போய் மன்னிப்புக் கேளுங்கள். உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். உயிரைக் கொடுத்த டாக்டர்களின் குடும்பங்களுக்காகக் குடும்ப ஜெபத்தில் ஜெபியுங்கள். இன்றைக்கும் காசநோய் வார்டில் யாரும் எட்டிப்பார்க்காத ஒருவர் படுத்திருப்பார். டாக்டரிடம் கேட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். நானும் வருகிறேன். இந்தத் தடவை தொண்டை வலி என்று சொல்லமாட்டேன்.

ஜெபிப்போமா? அன்பின் பிதாவே, கட்டிலருகே நின்றவர்களுக்காக ஸ்தோத்திரம். நாங்கள் போகாமல் இருந்ததை மன்னியும். பயத்தை எடுத்துப்போட்டு எங்களையும் அனுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்!