சோறிட்டவர் கடன்

நாய் நன்றியுள்ள பிராணி என்பதை நம்மவர் எல்லோரும் ஒப்புவர். ஒருநாள் சோறிட்டவனை அது ஆயுள் முழுதும் மறவாது என்பர். பள்ளிப் பிள்ளைகளும் இதையே கட்டுரையாக எழுதுகின்றனர். ஆனால் கடன் என்பது ஒரு பக்கத்தில் மட்டும் நிற்பதன்று. உண்ட நாய் சோறிட்டவனுக்குக் கடன்பட்டது என்றால், சோறிட்டவன் அந்த நாய்க்கு ஒன்றும் கடன்படவில்லையா? இதைக் கேட்போர் நம்முள் மிகச் சிலர். இன்று கேட்டுப் பார்ப்போமாக.

கெடாவில் கூலிம் முதல் பாலிங் வரை எந்தத் தோட்டத்து லயத்திற்குச் சென்றாலும் முதலில் எதிர்கொள்பவை நாய்களே. அடுப்படியில் பூனைகள் சுருண்டு கிடக்கும். “இது யாருடைய நாய்?” என்று கேட்டால், “இங்கேதான் கிடக்கும் ஐயா; எல்லாரும் சோறு போடுவோம்” என்னும் விடையே வரும். அவ்விடையில் இரக்கம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் எல்லோரும் சோறு போடும் அந்நாய்க்குத் தடுப்பூசி போடுவிக்க ஒருவர் இல்லை. கழுத்துப் பட்டை கட்ட ஒருவர் இல்லை. ஆண்டுதோறும் அது ஈனும் குட்டிகளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் இல்லை. எல்லோருடைய நாய் என்பதற்கு, யாருடைய நாயும் அன்று என்பதே பொருளாகிவிடுகிறது.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும், பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததையும் நாம் கேட்டிருக்கிறோம். நம் முன்னோர் அக்கொடையைப் புகழ்ந்தனர். ஆனால் அத்தகைய கொடைக்குக் ‘கொடைமடம்’ என்று பெயரிடவும் அவர்கள் தயங்கினாரில்லை. கொடுப்பவன் உள்ளம் நிறைவது ஒன்று. பெறும் உயிரின் தேவை நிறைவது வேறொன்று. பேகனுடைய மடத்தால் மயிலுக்குக் கேடு விளையவில்லை. நம் வீட்டுக் கொடைமடத்திற்கோ நாயும் பூனையும் உயிரையே விலையாகக் கொடுக்கின்றன.

மீந்த குழம்புச் சோற்றை நாய்க்கு வைப்பது நம் வழக்கம். அக்குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய் பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். குழந்தைகள் அன்போடு ஊட்டும் சாக்லெட் நாய்க்கு நஞ்சு. பூனைக்குப் பாலே அமுதம் என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பூனை பிறவியிலேயே ஊன் உண்பது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்னும் சத்துக் கிடையாவிடில் அதன் கண் கெடும், இதயம் தளரும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இவற்றை அறிந்து நடப்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. காரமும் வெங்காயமும் சேருமுன் எடுத்து வைத்த சோறு, முள் நீக்கி வேகவைத்த மீன், நாள்தோறும் மாற்றிய நல்ல தண்ணீர் ஆகியவை ஏழை லயத்திலும் இயலாதவை அல்ல.

செம்பனைத் தோட்டத்தில் இருப்போர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. எலியைக் கொல்ல வைக்கும் மருந்துகளுட் பல, இரத்தம் உறையாதபடி செய்து கொல்பவை. நாய் அம்மருந்தையே தின்னலாம். பூனை அம்மருந்தைத் தின்ற எலியைத் தின்னலாம். இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் தெரியாது. பிறகு ஈறு வெளுத்து, உள்ளே இரத்தம் கசிந்து அது சாகும். காலத்தில் கொண்டுசென்றால் மருத்துவரிடம் இதற்கு மாற்று மருந்து உண்டு. “யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்” என்று அண்டை வீட்டாரை ஏசுவதைவிட, மருந்து வைக்கும் நாட்களைக் கேட்டறிந்து நாயைக் கட்டி வைப்பது அறிவுடைமையாகும்.

இதுவரை கூறியவை நாய் பூனைகளின் துன்பம். இனிக் கூறுவது நம் பிள்ளைகளின் துன்பம். ரேபிஸ் எனப்படும் வெறிநோய் ஒருமுறை குறி காட்டிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போட்டுக் காத்த நாள் தொட்டு மனிதகுலத்துக்கு இதிலே வழி பிறந்தது. தமிழகத்துக் குன்னூரிலும் 1907-இல் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. இருந்தும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோயுற்றதெனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். “மனிதன் கஷ்டப்படும்போது நாய்க்கு என்ன கவலை?” என்று கேட்போருக்கு இதுவே விடை. லயத்து முற்றத்தில் செருப்பின்றி விளையாடும் குழந்தையும், விடியுமுன் பெரட்டுக்கு நடக்கும் பெண்ணும்தாம் அந்நாயின் வழியில் நிற்பவர்கள். பங்களாவின் இரும்புக் கதவுக்குள் இருப்போர் அல்லர்.

நம் நாட்டு அனுபவத்தையே பார்ப்போம். 1952-இல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது, நாய்களுக்குக் கட்டாய ஊசி போட்டும், உரியவர் இல்லாத நாய்களைக் கொன்றும் அதை அடக்கினர். பின்னர்த் தாய்லாந்து எல்லையை ஒட்டிக் கெடா உள்ளிட்ட வட மாநிலங்களில் ஒரு தடுப்பு வளையம் அமைத்தனர். நெடுங்காலம் அமைதி நிலவியது. ஆயினும் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. அவ்வேளை வீட்டு நாய்க்கு ஊசி கிடைத்தது. தெரு நாய்க்குச் சாவு கிடைத்தது. பினாங்கில் தெரு நாய்களைக் கொல்லப் பிறந்த ஆணையை விலங்கு நல அமைப்புகள் வன்மையாக எதிர்த்தன. 2017-இல் சரவாக்கில் தொடங்கிய பரவலோ ஐம்பதுக்கும் மேற்பட்ட மனித உயிர்களைக் கொண்டுசென்றது.

கொல்லும் ஆணையைக் கண்டித்தல் எளிது. ஆனால் அச்சாவுக்கு அந்நாயைக் குறித்துக் கொடுத்தது எது? அதன் கழுத்தில் பட்டை இல்லாமை. அதன் பெயரில் ஊசிச் சீட்டு இல்லாமை. “இது என்னுடையது” என்று சொல்ல ஒரு நா இல்லாமை. பத்து வீட்டுச் சோறு உண்ட நாய்க்கு அன்று சாட்சி சொல்ல ஒரு வீடும் முன்வருவதில்லை. வைரவர் சந்நிதியில் கல் நாய்க்கு மாலை சாத்துகிறோம். வாசலில் நிற்கும் உயிர் நாயைக் கல்லால் அடிக்கிறோம். இரக்கத்தைத் தவணை முறையில் காட்டிவிட்டுப் பொறுப்பைப் பிறர் தலையில் கட்டும் பழக்கம் இது.

நாய்களைக் கொன்று குறைப்பதால் மட்டும் வெறிநோய் ஒழியாது என்பதே இன்றைய அறிஞர் துணிபு. கொன்ற நாயின் இடத்திற்கு ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டாலோ நோய் பரவ வழியின்றி அடங்கும். ஊசி போட்ட நாய் ஒவ்வொன்றும் லயத்துக்கு ஒரு மதில்.

“கூலி வேலை செய்பவனுக்கு இதெல்லாம் கட்டுமா?” என்பர். தனியொருவனுக்குக் கட்டாதது கூட்டாகச் செய்தால் கட்டும். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வெள்ளி வசூலிக்கத் தெரிந்த நமக்கு, ஆண்டில் ஒருநாள் கால்நடை மருத்துவரைத் தோட்டத்துக்கு அழைப்பது பெரிதா? குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கித் தவணை தவறாது ஊசி போடுவிக்க வேண்டும். மூன்று மாத வயதளவில் வெறிநோய் ஊசியும், பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசியும் வேண்டும். குடற்புழு மருந்தும் கருத்தடையும் வேண்டும். ஐந்து குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையருகே விட்டுவரும் கொடுமையைவிடத் தாய்க்கு ஒரு சிறு அறுவை செய்வது ஆயிரம் மடங்கு அறம். எவரையேனும் நாய் கடித்தால் மஞ்சளும் மிளகாயும் அப்பாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாகி, நம்மவர் சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களின் அடுக்கு வீடுகளுக்குக் குடியேறி வருகின்றனர். அங்கே நாய்க்கு இடமில்லை எனக் கூறி, காலியான லயத்து வாசலிலேயே விட்டுச் செல்வோர் பலர். 2017-இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், உணவும் நீரும் மருத்துவமும் தருவதை உரியவரின் கடமையாக்கியது. கொடுமைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி நடப்பதினும் அறிவால் உணர்ந்து நடப்பதே நமக்குப் பெருமை.

நண்பர்காள்! வளர்க்க இயலாதவர் வளர்க்க வேண்டுவதில்லை, அது குற்றமன்று. வளர்ப்பவர் ஒன்றையே வளர்க்கட்டும். ஆனால் அதை “என்னுடையது” என்று ஊரறியச் சொல்லி வளர்க்கட்டும். முதற் கவளத்தை வைக்கும் கை, அந்த உயிரின் கடைசி நாள் வரை நீளக் கடமைப்பட்ட கை.